கும்பத்தில் போடாதது

மாமனாரின் சுண்ணாம்பு டப்பா காலியாக இருந்தது.

ஸ்ரீலட்சுமி அதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறவளுக்குக் கைக்கு எட்டுகிற பொருளெல்லாம் ஒரு துணை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூல். அதன் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, இந்தப் பித்தளை டப்பா. அவர் போன பிறகு யாரும் அவற்றை இடம் மாற்றவில்லை. போன வாரம் இதேபோல ஒரு மத்தியானம் அவள் அதைத் திறந்து பார்த்திருந்தாள். அப்போது சுண்ணாம்பு விளிம்பு வரை இருந்தது, காய்ந்து, நடுவில் வெடித்து. இன்றைக்கு உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டுக்கூட இல்லை. யாரோ துடைத்து வைத்தது போலவும் இல்லை. துடைத்தால் மூலையில் கொஞ்சமாவது தங்கும். அடிப் பித்தளை அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல மின்னியது.

"அம்மா, இந்தச் சுண்ணாம்பை நீங்கோ எடுத்தேளா?"

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மங்கலம் வாசற்படியிலேயே நின்றாள். மாமியாரின் வெறும் நெற்றி ஸ்ரீலட்சுமிக்கு இன்னும் பழகவில்லை.

"நான் எதுக்குடி எடுக்கப் போறேன்? எனக்கு இனிமே வெத்தலை ஒண்ணுதான் கொறைச்சல். எலி தின்னுருக்கும்."

"எலி சுண்ணாம்பு திங்குமா?"

"நம்ம கரமனைத் தெரு எலி எதையும் திங்கும். வெறுதே அதையும் இதையும் நோண்டாம கஞ்சியைக் குடி. ஆறினா ஒனக்கு எறங்காது."

ஸ்ரீலட்சுமி டப்பாவை மூடி வைத்தாள். மூடிய பிறகும் விரல் நுனியில் அந்தப் பித்தளையின் சுத்தம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு முறை கலைந்துபோன பிறகு தங்கியிருக்கும் குழந்தை இது. ஏழாம் மாசம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பஸ் ஏறக்கூடாது, படி ஏறக்கூடாது, குளியலறைக்குப் போவதைத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் வள்ளியூருக்குப் பிறந்த வீடு போவது நின்றது. மாடியில் அவளும் கணவன் ஜெயகுமாரும் படுக்கும் அறையும் இல்லாமல் ஆயிற்று. கீழே குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது மாமனார் படுத்திருந்த அறை ஒன்றுதான். கட்டிலும் அவருடையது. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு மெத்தை ஆகாதென்று செய்த பலகைக் கட்டில். தெருவின் வீடுகளெல்லாம் ஒன்றுக்கொன்று சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்பதால் அந்த அறைக்கு முற்றத்துப் பக்கம் மட்டும் ஒரு ஜன்னல். ஆனி மழை அதன் வழியாக நாள் முழுக்கச் சாம்பல் நிற வெளிச்சத்தையும் ஓட்டிலிருந்து சொட்டும் சத்தத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் இடது பக்கமாகப் படுத்து வயிற்றில் கை வைத்துக் காத்திருக்க வேண்டும். "குழந்தை அசையுதான்னு பாக்கணும். அது மட்டும் மதி, போதும். பாக்கி எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாள். ஸ்ரீலட்சுமி காத்திருப்பாள். அரைமணி நேரம் மின்சாரம் போகும். இருட்டில் எங்கோ ஒரு ரேடியோ நின்றுபோன அமைதியில், உள்ளேயிருந்து ஒரு சின்ன உந்தல் வரும். அன்றைக்கு அவளுக்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வரை படுத்திருக்க முடிந்தது.

கட்டில் ஒட்டியிருந்த சுவரில், தலைமாட்டுக்கு மேலே ஒரு மாடம். அதில் ஜெயகுமாரின் கைக்குட்டையில் பொதிந்து அது இருந்தது.

அதைக் கொண்டு வந்த அன்றே ஜெயகுமார் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். அவன் எதையும் மறைக்கத் தெரியாதவன். பாரலல் காலேஜ் என்கிற டுடோரியலில் கணக்கு எடுக்கிறவன், வீட்டிலும் ஒவ்வொன்றையும் படிப்படியாகத்தான் சொல்வான்.

மாமனார் நீலகண்டனுக்கு நடு முதுகில் ஒரு எலும்பு மற்றதன் மேலிருந்து வழுக்கியிருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர் ஆன்சன். சேர்ப்பதற்கு இடுப்பிலிருந்து எலும்பு வெட்டி எடுப்பது வழக்கம். நீலகண்டனின் எலும்பு அதற்குத் தாங்காது என்பதால் செயற்கை எலும்பு. டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் குலுக்கிக் காட்டியபோது ஸ்ரீலட்சுமியும் அங்கே இருந்தாள். ஜவ்வரிசிபோல வெள்ளை மணிகள், கூடவே சதுரமாக ஒரு கட்டி.

"எலும்பிலே உள்ள அதே சத்துதான் சாரே. பீங்கான் மாதிரி சூளையிலே சுட்டு எடுத்தது" என்றார் டாக்டர். பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகக் கிடந்தன. "உள்ளே பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. உங்க எலும்பு அதுக்குள்ளே கேறி வளரும். ஒரு வருஷம் கழிஞ்சா எது உங்களுது, எது நான் வச்சதுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லப் பற்றாது."

"இந்த வீடு கட்டக் கல்லு எறக்கினப்போகூட நான் இத்தனை விசாரிக்கலை" என்றார் நீலகண்டன். "சரி, வளர்றது எப்போ நிக்கும்?"

டாக்டர் சிரித்தார். "அது எலும்புக்குத் தெரியும் சாரே."

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வலி போயிற்று. நடு முதுகு வளையாமல் போயிற்று. இரண்டரை வருஷம் நிமிர்ந்தே நடந்தவர், வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

துக்கம் கேட்க வந்த டாக்டர் ஆன்சன் தயங்கித் தயங்கி ஜெயகுமாரிடம் ஒன்று கேட்டார். எரித்த பிறகு அந்தத் துண்டு கிடைத்தால் தனக்கு எடுத்து வைக்க முடியுமா? உடம்புக்குள் அது எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்த நோயாளிக்கு உபகாரமாக இருக்கும்.

சஞ்சயனத்தன்று, பாலும் தண்ணீரும் தெளித்து ஆற்றிய சாம்பலில் ஜெயகுமார் கால் பக்கத்திலிருந்து எலும்பு பொறுக்கிக்கொண்டு வந்தான். இடுப்புக்கு மேலே வந்தபோது இரண்டு திருகாணிகளும் ஒரு கம்பியும் கிடைத்தன. பக்கத்தில் அந்த வெள்ளைக் கட்டி. மற்ற எலும்பெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. அது மட்டும் உதிரவில்லை.

"இது என்ன?" என்று கர்மம் செய்துவைத்த ராஜமணி வாத்தியார் கேட்டார்.

"ஆபரேஷன்ல வச்சது மாமா. ஆசுபத்திரியிலேந்து வந்த சாமான்."

"அப்போ கும்பத்துல போடாதே. அவர் அஸ்தியாக்கும் போடணும். கம்பனி சாமானுக்கு என்ன கர்மம் பண்றது? மூக்குக்கண்ணாடியையும் பல்செட்டையும் போடுவோமா?"

மற்றதெல்லாம் கும்பத்தில் சேர்ந்து, துணியால் மூடி, வீட்டு வாசல் பக்கமே வராமல் திருவல்லம் ஆற்றுக்குப் போயிற்று. அஸ்தி வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இது அஸ்தி இல்லையென்று தீர்மானம் ஆகிவிட்டதால் ஜெயகுமார் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டு உள்ளே கொண்டுவந்தான். டாக்டர் ஆன்சன் வெளிநாட்டுக்குப் போயிருந்தார். வந்ததும் கொடுக்கலாமென்று மாடத்தில் வைத்தான். பிறகு மறந்துபோனான்.

சுண்ணாம்பு டப்பா காலியான மறுநாள் சாக்பீஸ் பெட்டி.

ஜெயகுமார் டியூஷனுக்காக வாங்கி அந்த அறை அலமாரியில் வைத்திருந்த பெட்டி. எடுத்துப் பார்த்து அவன் சிரித்தான். "லச்சு, மசக்கையிலே நீ சாக்பீஸ் தின்ன ஆரம்பிச்சுட்டியா? சொல்லப்படாதோ, பெரிய பெட்டியா வாங்கிண்டு வந்திருப்பேனே?" நீட்டிக் காட்டினான். துண்டுகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஊசிபோல மெலிந்திருந்தது. அவன் விரல் பட்டதும் ஒடிந்து காற்றாகப் போயிற்று.

"நான் தொடலை" என்றாள்.

"ஈரம் பிடிச்சிருக்கும். மழை இல்லையா? சாரமில்லை, போகட்டும்."

அன்று சாயங்காலம் மின்சாரம் போன பிறகு அவள் அதை முதல்முறையாகக் கேட்டாள். மழை விட்டிருந்தது. ஓட்டுச் சொட்டு ஒவ்வொன்றாகத் தளர்ந்து, முற்றத்துத் தொட்டியில் விழுவதும் நின்று, வீடே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது போலிருந்த ஒரு இடைவெளியில், சுவருக்குள்ளிருந்து, தலைமாட்டுக்குக் கொஞ்சம் கீழே, மிக மெல்லிய ஒரு நறநறப்பு. சோற்றில் கல் அகப்பட்டால் கடைவாயில் கேட்கிற சத்தம். நிற்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும். அவசரமே இல்லாத சத்தம். அதனோடு ஒரு வாசனை, புதிதாக வெள்ளையடித்த வீட்டின் ஈரச் சுண்ணாம்பு வாசனை. அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. நெருப்பு அணைந்த பிறகு அதில் பால் ஊற்றினால் வருகிற வாசனை.

குழந்தை அசைந்தது. ஆனால் தாமதமாக. அவள் கை வயிற்றிலேயே மரத்துப்போன பிறகு.

மறுநாள் பகலில் பார்த்தபோது மாடத்தின் அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுவரின் வெள்ளை போயிருந்தது. உரிந்து விழுந்திருந்தால் தரையில் துகள் இருக்க வேண்டும். தரை சுத்தமாக இருந்தது. வெள்ளை போன இடத்தில் வெட்டுக்கல் சிவப்பாக, பல் விழுந்த ஈறுபோலத் தெரிந்தது.

அந்த வாரமே அவளுடைய பல்லும் போயிற்று. இட்லி தின்றுகொண்டிருந்தாள். கடைவாயில் ஏதோ சத்தமில்லாமல் உட்கார்ந்தது. துப்பியபோது பல் இல்லை, வெள்ளை மாவு. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஜெயகுமார் போன் போட்டுக் கேட்டான். குழந்தை எலும்புக்காகத் தாயின் உடம்பிலிருந்து எடுக்கிறது, கால்சியம் மாத்திரையை இரட்டியாக்குங்கள் என்றாள் லேடி டாக்டர்.

"பாத்தியா, கொழந்தை நன்னா வளர்றதுன்னு அர்த்தம்" என்றாள் மங்கலம். "இவனை உண்டானப்போ எனக்கும் ரெண்டு பல்லு போச்சு. பல்லுக்கு பதிலா இவன் கெடைச்சான். நஷ்டம்தான்."

ஜெயகுமார் சிரித்தான். ஸ்ரீலட்சுமியும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு.

மாத்திரை போட்ட நாட்களில் சுவரின் சத்தம் அதிகமாயிற்று.

முதலில் அவள் அதைத் தற்செயல் என்று நினைத்தாள். ஒரு நாள் போடாமல் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சுவர் பேசாமல் இருந்தது. குழந்தை உடனே அசைந்தது. மறுநாள் மங்கலம் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தாள். விளக்கு போனதும் நறநறப்பு எழுந்தது, நிதானமாக, திருப்தியாக. வயிற்றில் வைத்த கைக்கு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மாத்திரையை நிறுத்தினால் குழந்தைக்கு எலும்பு எங்கிருந்து வரும்? போட்டால் யாருக்குப் போகிறது? வெளியே சொல்ல முடியாத கணக்கு. கணக்கு வாத்தியாரிடம்கூடச் சொல்ல முடியாதது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சுகமும் இருந்தது. அதுதான் அவளை அதிகம் குழப்பியது. மாசம் ஏற ஏற நொந்துகொண்டிருந்த முதுகு, சுவரோடு ஒட்டிப் படுத்தால் நோகாது. சுவரின் குளிர்ச்சி உள்ளே இறங்கும். வலி எங்கே இருந்தது என்றே தெரியாது. தூக்கத்தில் அவளே சுவர்ப் பக்கம் நகர்ந்துவிடுவாள்.

முதல் மாசம் நிறைவதற்கு முன் செய்கிற ஊன மாசிகத்துக்கு ராஜமணி வாத்தியார் வந்த அன்று காலையில் அவள் ஜெயகுமாரைக் கூப்பிட்டு, "மாடத்துல இருக்கே, அதை இன்னிக்கே அந்த டாக்டராத்துல கொண்டு போய்க் குடுத்துடுங்கோ" என்றாள்.

"அட, அதை மறந்தே போனேன்" என்று அவன் எழுந்து கைக்குட்டையைப் பிடித்து எடுத்தான். துணி மட்டும் கையோடு வந்தது.

அது அங்கேயே இருந்தது. கொண்டுவந்தபோது கட்டைவிரல் அளவு என்று அவன் சொல்லியிருந்தான். இப்போது ஒரு முஷ்டி அளவு. இரண்டு பக்கமும் சிறகுபோல விரிந்து, நடுவில் துளையோடு, அடிப்பக்கம் வேர்போல மாடத்துத் தரைக்குள் இறங்கியிருந்தது. ஜெயகுமார் அசைத்தான். அசையவில்லை. மாடத்துக்குக் கீழே சுவரில் கையை வைத்துத் தடவினான். தடவிய கை ஒரு முண்டில் ஏறியது. இறங்கியது. அடுத்த முண்டு. அதற்கும் கீழே அடுத்தது. கட்டிலின் விளிம்பு வரை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போனான். டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாத்தியார் அறை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். அப்புறம் கூடத்திலிருந்து அவர்கள் பேசியது அவள் காதில் விழுந்தது.

"அன்னிக்கு நீ என்ன சொன்னே? ஆசுபத்திரி சாமான்னு சொன்னே."

"போடாதேன்னு நீங்கோதானே மாமா சொன்னேள்?"

"நீ சொன்னதை வச்சு நான் சொன்னேன். அதுக்குள்ள அவர் எலும்பு கேறியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"அப்போ எனக்குத் தோணலை. சுடுகாட்டுல நிக்கறப்போ யாருக்குத் தோணும்?"

ஹோமப் புகை அறைக்குள் வந்தது.

"அப்படின்னா அதுவும் அவராக்கும்" என்றார் வாத்தியார். குரல் தாழ்ந்திருந்தது. "அவரைப் பாதி கரைச்சு, பாதி வீட்டுக்குள்ள கொண்டு வச்சிருக்கே. அதுவும் பிள்ளைத்தாச்சி படுத்திருக்கற அறையிலே. காரியம் முடிஞ்ச கையோட சாலைக் கடைத்தெருவுக்குப் போ. புதுக் கும்பம் ஒண்ணு, நல்ல உளி ஒண்ணு வாங்கிண்டு வா. பொழுது விழறதுக்குள்ள எடுத்து திருவல்லம் ஆத்துல விட்டுடலாம்."

"இப்போவே இவளைக் கூடத்துக்கு மாத்திடட்டுமா?"

"இந்தப் புகையிலேயா? சிராத்தம் முடிஞ்சு கூடம் அலம்பட்டும். இப்போதைக்கு கட்டிலைத் தள்ளிப் போடு."

மங்கலமும் ஜெயகுமாருமாகச் சேர்ந்து அவளோடு கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள். பலகைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே தரை பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒரு முழத் தரையைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஜெயகுமார் அவள் தலையில் கை வைத்தான்.

"சாயங்காலம் வரைக்கும்தான் லச்சு. அப்பறம் ஒண்ணும் இல்லை. கொழந்தைக்கு ஒண்ணும் வராது."

"சீக்கிரம் வாங்கோ."

"பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வந்துடறேன். நீ தூங்கு."

தூங்கக்கூடாது என்றுதான் இருந்தாள். மத்தியானம் முழுக்க இடது பக்கமாகப் படுத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, முதுகைச் சுவருக்குக் காட்டியபடி இருந்தாள். சிராத்தச் சமையலின் எள் வாசனை மெல்லக் கரைந்தது. வாத்தியார் வாசலில் காத்திருந்தார். மங்கலம் கூடத்தை அலம்பும் துடைப்பச் சத்தம் வந்தது, நின்றது. தரை காயட்டும், அவன் வந்து உன்னை மாற்றட்டும் என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். மழை பிடித்தது. முதலில் ஓட்டில் பரல் பரலாக, பிறகு ஒரே இரைச்சலாக, ஜன்னல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு. முதுகு நொந்தது. நோகட்டும் என்று இருந்தாள். நோவு இருக்கிற வரை முதுகு தன்னுடையது. குழந்தை ஒருமுறை புரண்டது, பெரிதாக, நீச்சலடிப்பது போல. அந்த நிம்மதியில்தான் கண் அசந்தாள்.

விழித்தபோது நோவு இல்லை.

இருட்டியிருந்தது. மின்சாரம் போயிருந்தது. மழை விட்டிருந்தது.

நறநறப்பு இல்லை. அதுவே ஒரு சத்தம்போல இருந்தது. முடித்துவிட்டு எழுந்த ஒருவரின் மௌனம்.

முதுகு குளிர்ந்திருந்தது. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை. ஒரே சீராக.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். ஈரச் சுண்ணாம்பு. கட்டில் நகர்ந்திருக்க வேண்டும். கையைக் கீழே விட்டுப் பலகையின் விளிம்பைத் தேடினாள். விளிம்புக்குக் கீழே அந்த ஒரு முழ இடைவெளி கைக்குத் தட்டுப்பட்டது. கட்டில் நகரவில்லை. தரையில் தள்ளிப் போட்ட இடத்திலேயே இருந்தது.

சுவர் வந்திருந்தது.

வயிற்றில் கை வைத்தாள். காத்திருந்தாள். மத்தியானப் புரளலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. இன்னும் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

"அம்மா" என்றாள். குரல் கூடம் வரை போகவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஜெயகுமாரின் குரல். "பாலத்துல பஸ் நின்னுடுத்து மாமா, ஒரே வெள்ளம்." வாத்தியார் ஏதோ முணுமுணுத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சம் கூடத்துத் தரையில் தடுமாறியபடி வந்தது. ஜெயகுமார் வாசற்படியில் நின்றான். ஒரு கையில் மெழுகுவர்த்தி, கக்கத்தில் உளி போட்ட மண் கும்பம்.

அவன் சுவரைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். என்ன தெரிகிறது என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்திலேயே தெரிந்தது. கும்பத்தை மெல்லக் கீழே வைத்தான். மெழுகுவர்த்தியை ஸ்டூலில் நிறுத்தினான்.

"எழுந்திரு லச்சு. கூடத்துக்குப் போலாம்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் அசைந்தது. கை அசைந்தது. நடு அசையவில்லை.

"வரலை."

"என்ன வரலை?"

"முதுகு."

அவன் முழங்காலிட்டான். அவள் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தான். தோள் வந்தது. அவ்வளவுதான் வந்தது. கையை அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே விட்டான். விரல்கள் தோளிலிருந்து கீழே இறங்கித் தேடின. நின்றன. வேறு பக்கத்திலிருந்து தேடின. விரல் நுழைய இடம் இல்லை.

"வலிக்கறதா?"

"இல்லை."

"கொஞ்சம்கூடவா?"

"இல்லை." அவள் அழுதாள். "கொழந்தை அசையலை. பாருங்கோ. எனக்குத் தெரியலை. நீங்கோ பாருங்கோ."

அவன் இடது கையை அவள் வயிற்றில் வைத்தான். வயிறு மெத்தென்று உள்ளே அமுங்கியது. காலியான தலையணை உறைபோல. சாய்ந்துவிடாமல் இருக்க வலது கையை அவள் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் ஊன்றினான். அந்த இடத்தில் சுவர் உப்பி, உருண்டு, பளபளப்பாக இருந்தது. இப்போதுதான் அவளும் அதைக் கண் ஓரத்தில் பார்த்தாள்.

"ஸ்ரீ" என்றான். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வயிற்றில் இருந்த கை அப்படியே இருந்தது. சுவரில் இருந்த கை மெல்ல எழும்பியது. அவன் எழுப்பவில்லை. கீழேயிருந்து ஏதோ அதைத் தள்ளியது. ஒரு சின்னக் குதிகாலின் அளவு. தள்ளி, அமர்ந்தது. அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்பு ஒரு துளி உதிர்ந்து அவள் கன்னத்தில் விழுந்தது.

"அசையறதா?" என்று அவள் கேட்டாள். "அசையறதான்னு சொல்லுங்கோ."

சுவர் மறுபடியும் உதைத்தது.